எட்டுப் பிள்ளையாரும் நாற்பத்து மூன்று பேரும்

விடியற்காலை மணி மூன்றே முக்கால். தாராவி 90 அடி ரோட்டில் டீக்கடைக்காரர் அப்போதுதான் ஸ்டவ்வைப் பற்ற வைக்கிறார். ரோட்டோரம் ஒரு டூரிஸ்ட் பஸ் நிற்கிறது. அதன் படியருகே கழுத்தில் மப்ளர் சுற்றிய ஒருவர், ஒரு கையில் நோட்டும் இன்னொரு கையில் டார்ச் லைட்டுமாக நின்று, ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறார். பெயருக்கு உரியவர் "இருக்கேன் அண்ணாச்சி" என்று வாயைத் திறந்து சொன்னால்தான் நோட்டில் டிக் விழும். பக்கத்தில் இருப்பவர் "அவரு வந்துட்டாரு" என்று சொன்னால் செல்லாது. கைக்குழந்தைக்கு மட்டும் தாயார் சொல்லலாம்.

2025ஆம் வருடம் ஜனவரி 18ஆம் தேதி சனிக்கிழமை, அஷ்டவிநாயகர் யாத்திரை கிளம்பிய காட்சி இது. பஸ்ஸில் 45 சீட். வந்தவர்கள் 43 பேர். தையல்காரர்கள், தோல் பட்டறைக்காரர்கள், இட்லி வியாபாரம் செய்யும் பெண்கள், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற இருவர், பாண்டுப்பிலிருந்து ஒரு குமாஸ்தா குடும்பம், ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்திருந்த தாய் தகப்பன்மார் சிலர். அவர்களோடு நானும் ஒரு சீட்டுக்குப் பணம் கட்டிப் போய் வந்தேன். கோயில்களைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். இப்படி ஒரு கூட்டத்தைப் பத்திரமாகக் கூட்டிப்போய்த் திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பது எப்படி என்று பார்க்கத்தான் நான் போனேன்.

அண்ணாச்சிக்குத் தொழில் தையல். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். 2008 முதல் வருடத்துக்கு ஒரு தடவை, சில வருடம் இரண்டு தடவை, பஸ் பிடித்து ஆட்களை அழைத்துப் போகிறார். கமிஷன் கிடையாது. தன் சீட்டுக்கும் பணம் கட்டுகிறார். "அப்புறம் எதுக்கு அண்ணாச்சி இந்தப் பாடு?" என்று கேட்டேன். "முதல் தடவை விளையாட்டாப் போனோம். இப்ப நிறுத்துனா விடமாட்டேங்கிறாங்க" என்றார்.

தேதி பார்ப்பது பாதி வேலை

அஷ்டவிநாயகர் என்பது மராட்டிய மண்ணில் உள்ள எட்டுப் பிள்ளையார் ஸ்தலங்கள். புனே ஜில்லாவில் மோர்காவ், தேவூர், ராஞ்சன்காவ், ஓஜர், லேண்யாத்ரி ஆகிய ஐந்து. ராய்கட் ஜில்லாவில் பாலி, மஹட் இரண்டு. முன்பு அகமத்நகர் என்றும் இப்போது அகில்யாநகர் என்றும் சொல்லப்படும் ஜில்லாவில் சித்தடேக் ஒன்று. நம் பிரபாதேவி சித்திவிநாயகர் எவ்வளவு பிரசித்தமானாலும் இந்த எட்டில் சேர்த்தியில்லை.

சம்பிரதாயப்படி மோர்காவில் தொடங்கி வரிசையாகத் தரிசித்துக் கடைசியில் மறுபடி மோர்காவுக்கே வர வேண்டும். அந்த வரிசையில் பஸ் ஓட்டினால் முன்னும் பின்னும் அலைந்து டீசல் கட்டுப்படியாகாது, நாட்களும் கூடும். ஆகவே எல்லாப் பஸ்களும் ரோடு போகிற வரிசையில்தான் போகின்றன. மும்பையிலிருந்து மஹட், பாலி, பிறகு புனே தாண்டித் தேவூர், மோர்காவ், சித்தடேக். ராத் தங்கல். மறுநாள் ராஞ்சன்காவ், ஓஜர், லேண்யாத்ரி பார்த்து, மால்ஷேஜ் காட் இறங்கிக் கல்யாண் வழியாக வீடு. இரண்டு நாளில் முடிந்துவிடும். புறப்படும் முன்பே அண்ணாச்சி இதை எல்லோருக்கும் சொல்லிவிடுகிறார். நடுவழியில் ஒருவர் சாஸ்திரம் பேச ஆரம்பித்தால் பஸ்ஸே இரண்டு கட்சியாகிவிடும் என்பது அவர் அனுபவம்.

தேதி விஷயத்தில் அவர் வெகு கண்டிப்பு. காலண்டரை எடுத்ததும் முதலில் சங்கடஹர சதுர்த்தியைச் சிவப்பு மையால் அடித்துவிடுகிறார். அது செவ்வாய்க்கிழமையில் வந்தால் மராட்டியர்கள் 'அங்காரகி' என்று விசேஷமாகக் கொண்டாடுவார்கள். அன்று எந்தக் கோயிலிலும் மணிக்கணக்கில் கியூ. ஆவணிச் சதுர்த்தியும் கூடாது. தை, மாசியில் வரும் மாகி கணேச ஜயந்தியும் கூடாது. மழைக்காலத்தில் மால்ஷேஜ் காட்டில் பாறை சரியும். ஆகவே ஜூன் முதல் செப்டம்பர் வரை பேச்சே கிடையாது. மே மாதம் வெயில். மிஞ்சுவது கார்த்திகை முதல் மாசி வரையில் சில சனி, ஞாயிறுகள்தான்.

இந்தத் தடவை 17ஆம் தேதி வெள்ளிக்கிழமை சதுர்த்தி. மறுநாள் புறப்பட்டோம். அடுத்த வாரம் போயிருந்தால் ஞாயிற்றுக்கிழமை குடியரசு தினம். அந்தக் கூட்டம் வேறு. அதற்கு அடுத்த சனிக்கிழமை, பிப்ரவரி 1ஆம் தேதி, மாகி ஜயந்தி. இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் பொங்கல் கழிந்த கையோடு ஒரு சந்து கண்டுபிடித்து நுழைந்தார் என்றே சொல்ல வேண்டும். பல கோயில்களில் அரை மணிக்குள் தரிசனம் ஆனது. நமக்குச் சனி, ஞாயிறு விட்டால் ஒரு நாள் கூலி போய்விடும். அதையும் அவர் மறக்கவில்லை.

38ஆல் வகுத்த கணக்கு

பணக் கணக்குக்கு வருவோம். 45 சீட் பஸ் என்றால் பலரும் மொத்தச் செலவை 45ஆல் வகுத்துத் தலைக்கு இவ்வளவு என்று சொல்லிவிடுகிறார்கள். அங்கேதான் வில்லங்கம். கிளம்புகிற வாரத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் வரும், ஒருவருக்கு ஊரில் துக்கம் வரும், ஒருவருக்கு முதலாளி லீவு கொடுக்கமாட்டார். ஏழெட்டுச் சீட்டின் பணம் ஏற்பாடு செய்தவர் தலையில் விழும். இப்படிக் கடன்பட்டு, பிறகு பேட்டையில் தலை காட்டாமல் திரிந்த ஒருவரை எனக்கே தெரியும்.

அண்ணாச்சி 38ஆல் வகுக்கிறார். இந்தத் தடவை உத்தேசச் செலவு 66,500 ரூபாய் என்று போட்டார். தலைக்கு 1,750. முதலில் 250 ரூபாய் முன்பணம். பிறகு ஐந்து வாரம், வாரம் 300 வீதம். சீட்டுக் கட்டிப் பழகிய நம்மவர்களுக்கு இது எளிது. ஒரே தடவையில் 1,750 கேட்டால் நாலு பேர் உள்ள குடும்பம் 7,000 ரூபாய்க்கு எங்கே போகும்? கொடுக்கும் பணத்தை அவர் நோட்டிலும் எழுதுகிறார். கொடுப்பவர் கையிலும் ஒரு சின்ன அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். இப்போது பலர் போனிலேயே பணம் அனுப்பிவிடுகிறார்கள். அதையும் அன்றே நோட்டில் ஏற்றிவிடுவார். வராமல் நின்றுவிட்டால் முன்பணம் திரும்பாது. வேறு ஆளைக் கொண்டுவந்து விட்டால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். இந்த விதி அட்டையின் பின்புறத்திலேயே எழுதியிருக்கிறது.

பஸ் பேசும்போது கவனிக்க வேண்டியவை தனி. வாடகை கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பேசினாலும், நாளொன்றுக்குக் குறைந்தபட்சம் 300 கிலோமீட்டர் என்று கணக்கிடுவது வழக்கம். கிலோமீட்டர், நாம் ஏறும் இடத்திலிருந்து ஓடாது. பஸ் ஷெட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்ப ஷெட் போய்ச் சேரும் வரை ஓடும். ஆகவே ஷெட் தூரமாக இருந்தால் குறைந்த ரேட்டும் கூடுதல் ரேட்டுதான். டோல், பார்க்கிங், டிரைவர் பேட்டா எல்லாம் யார் கணக்கு என்பதை வாயால் பேசாமல் எழுதி வாங்க வேண்டும். ஷெட்டிலிருந்து கிளம்பும்போதே மீட்டர் எண்ணை ஒருவர் போய்ப் பார்த்துக் குறித்து வர வேண்டும். அண்ணாச்சி அதற்கென்றே ஒரு பையனை முதல் நாள் இரவு அனுப்புகிறார்.

அந்தப் பையன் வேறு சிலதும் பார்த்து வருகிறான். டயர் தேய்ந்திருக்கிறதா, ஸ்டெப்னி காற்றோடு இருக்கிறதா, அவசர வழிக் கதவு திறக்கிறதா, அதை மறித்து மூட்டை ஏற்றியிருக்கிறார்களா, தீயணைப்புக் கருவி, முதலுதவிப் பெட்டி உண்டா? கேஸ் சிலிண்டரும் அடுப்பும் ஏற்றிக்கொண்டு வழியில் சமைத்துச் சாப்பிடலாம் என்று சிலர் சொல்வார்கள். செலவு குறையும் என்பது உண்மை. அண்ணாச்சி ஒப்புக்கொள்வதில்லை. முதல் நாளுக்குப் புளியோதரையும் இட்லியும் வீட்டிலிருந்து வருகின்றன. பிறகு ஓட்டல்.

டிரைவர் இரண்டு பேர். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்று 1961இல் வந்த சட்டம் ஒன்று அப்போது இருந்தது. டிரைவர் வேலைக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்பது அதில் பொது விதியாக இருந்தது. விடியற்காலை நாலு மணிக்கு ஸ்டியரிங் பிடித்தவரையே ராத்திரி எட்டு மணிக்கும் ஓட்டச் சொன்னால், அவர் கண் சொக்கினால் யார் பொறுப்பு? இரண்டாவது டிரைவருக்குப் பேட்டா கொடுக்க மூக்கால் அழுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

2009இல் நடந்தது

அண்ணாச்சி இவ்வளவு கறாரானவரானது சும்மா அல்ல. இரண்டாவது யாத்திரையில், 2009இல், ஒரு தனியார் பஸ் முதலாளி மற்றவர்களைவிட 4,000 ரூபாய் குறைத்துக் கேட்டார். சந்தோஷமாக அட்வான்ஸ் கொடுத்தார்கள். வழியில் ஓர் இடத்தில் டிரைவர், "நம்ம ஆளுங்கதான், புனே வரைக்கும்" என்று சொல்லி நாலு பேரை ஏற்றிக்கொண்டார். காலியாக இருந்த சீட்டுதானே என்று யாரும் பேசவில்லை. சிறிது தூரத்தில் செக்கிங். அதிகாரி பயணிகள் பட்டியலைக் கேட்டார். பட்டியலில் இல்லாத நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைக்கு இவ்வளவு கொடுத்தோம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். பஸ் ஓரம் கட்டப்பட்டது. ஐந்து மணி நேரம். குழந்தைகள் ரோட்டோரத்தில் அழுதுகொண்டிருந்தன. அன்று மூன்று கோயில்கள் விட்டுப்போயின. பஸ் முதலாளி போனை எடுக்கவே இல்லை.

இதில் சட்டம் என்ன என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்வது நல்லது. 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரு கூட்டத்துக்காக மொத்தமாகப் பேசி எடுக்கும் பஸ் 'காண்ட்ராக்ட் காரேஜ்'. ஆளுக்கொரு டிக்கெட் கொடுத்து, நடுவழியில் ஏற்றி இறக்கி ஓட்டுவது 'ஸ்டேஜ் காரேஜ்'. முதலாவதற்குப் பர்மிட் வாங்கிய பஸ், இரண்டாவது வேலையைச் செய்யக் கூடாது. பஸ்ஸை நாம் பேசி எடுத்தபின் அதில் காலிச் சீட்டும் நமதுதான். டிரைவர் அதை விற்க முடியாது. பர்மிட், இன்ஷூரன்ஸ், ஃபிட்னஸ் சர்டிபிகேட் மூன்றையும் அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்த்துவிட வேண்டும். பயணிகள் பட்டியல் ஒரு பிரதி பஸ்ஸிலும் ஒரு பிரதி தலைவரிடமும் இருக்க வேண்டும். அண்ணாச்சி மூன்றாவது பிரதி ஒன்றைத் தாராவியில் தன் கடையில் வைத்துவிட்டு வருகிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை. ரயில்வேயில் சார்ட் போடுகிறவனுக்கு அது தெரியும்.

துணைக்கால் வித்தியாசம்

முதல் நாள் விடிகிறபோது மஹட் வந்துவிட்டோம். கோப்போலிப் பக்கம் உள்ள இந்தக் கிராமத்தில் வரதவிநாயகர். இங்கே 1892 முதல் அணையாமல் எரிவதாகச் சொல்லும் நந்தா விளக்கு ஒன்று உண்டு. இந்த ஊரின் பெயரில் ஒரு பொறி இருக்கிறது. இதே ராய்கட் ஜில்லாவில், கோவா போகும் ரோட்டில், 'மஹாட்' என்று வேறொரு பெரிய ஊர் உண்டு. டாக்டர் அம்பேத்கர் 1927இல் சவுதார் குளத்துத் தண்ணீருக்காகச் சத்தியாக்கிரகம் நடத்திய ஊர் அது. மராட்டியிலும் தமிழிலும் ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். ஆங்கிலத்தில் எழுதினால் அதுவும் இல்லை. ரோட்டில் நூறு கிலோமீட்டருக்கு மேல் வித்தியாசம்! போன் காட்டுகிற வழியில் போய் அந்த மஹாட்டில் இறங்கி விநாயகர் எங்கே என்று கேட்ட கோஷ்டிகள் உண்டு என்று எங்கள் டிரைவர் சிரித்தார். "காலாப்பூர் தாலுகா மஹட்" என்று அண்ணாச்சி பட்டியலின் தலைப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்.

பாலியில் பல்லாளேஸ்வரர், பல்லாளன் என்ற சிறுவனின் பக்திக்காக வந்தவர் என்பது கதை. அங்கிருந்து புனே தாண்டித் தேவூர் வர மதியம் ஒன்றரை. பேஷ்வா முதலாம் மாதவராவ் 1772இல் உயிர் நீத்த இடம் இந்தத் தேவூர். அதைச் சொன்னபோது பஸ்ஸில் பாதிப் பேர் தூக்கம்.

மோர்காவில்தான் நம்மவர்களுக்கு முகம் மலர்ந்தது. மோர் என்றால் மராட்டியில் மயில். இங்குள்ள விநாயகர் மயூரேஸ்வரர், அதாவது மயில் ஏறியவர். "எலியை விட்டுட்டுத் தம்பி வாகனத்துல ஏறிட்டாரா?" என்று ஓர் அம்மாள் கேட்டார்கள். கோயிலுக்கு எதிரே நந்தி உட்கார்ந்திருப்பது இன்னோர் ஆச்சரியம். பிள்ளையாருக்கு முன் நந்தியை நம் ஊரில் யார் பார்த்தது? எல்லா இடத்திலும் மூர்த்திக்கு மேல் கனமாகச் செந்தூரக் காப்பு. அருகம்புல் மட்டும் இரண்டு ஊருக்கும் பொது.

வழி நெடுக அண்ணாச்சி கவனித்த காரியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, கேட்டாலும் கேட்காவிட்டாலும், பெட்ரோல் பங்க்கில் பஸ் நிற்கும். பெண்கள் கேட்கமாட்டார்கள், கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் வந்து சாயங்காலம் மயங்கி விழுவார்கள். முதல் யாத்திரையில் இரண்டு பேர் அப்படி விழுந்தார்களாம். இதையெல்லாம் யோசித்துச் சொன்னவர் அவருடைய சம்சாரம். சர்க்கரை வியாதிக்காரர்கள் யார் யார் என்ற குறிப்பும் அந்த அம்மாளிடம்தான் இருக்கிறது. காட் ரோட்டில் வாந்தி எடுக்கிறவர்களுக்கு முன் சீட், எலுமிச்சம்பழம், ஒரு பை.

சித்தடேக்கில் ஒரு காலை

பீமா நதிக்கரையில் சித்தடேக். எட்டில் தும்பிக்கை வலம் சுழித்த மூர்த்தி இது ஒன்றுதான். முன்பு படகில் ஆற்றைக் கடந்து வருவார்கள். இப்போது பாலம் இருக்கிறது. இரவு அங்கே தங்கினோம். காலையில் தரிசனம் முடிந்து பஸ்ஸில் ஏறும்போது, பெயர் கூப்பிடும் சடங்கு மறுபடி நடந்தது. முந்தின நாளிலிருந்து இது பதினோராவது தடவையோ என்னவோ. எனக்கே அலுப்புத் தட்டியது. தலையை எண்ணினால் ஒரு நிமிஷம், பெயர் கூப்பிட்டால் ஐந்து நிமிஷம்; எண்ணக் கூடாதா என்றேன். அண்ணாச்சி பதில் சொல்லாமல் பட்டியலை முடித்தார். பஸ் கிளம்பியபின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னார்.

2016இல் இதே இடம். அப்போது தலையைத்தான் எண்ணுவார்கள். 41 பேர் வந்திருந்தார்கள். காலை ஏழரைக்கு எண்ணியபோது 41 சரியாக இருந்தது. பஸ் கிளம்பிவிட்டது. தவுண்டில் டீக்கு நிறுத்தியபோது ஓர் அம்மாள், "பின் சீட்டுப் பாட்டியை எங்கே?" என்று கேட்டார். சென்னை மெயிலில் ஊருக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த தவுண்டுதான். சித்தடேக்கிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர். மறுபடி எண்ணினார்கள். 41 இருந்தது! பிறகுதான் தெரிந்தது, பஸ் கிளீனர் பின் சீட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு தடவையும் 41ஆவது ஆள் அவர்தான்.

பாட்டிக்கு எழுபது வயது. கோவில்பட்டிப் பக்கம். மகன் தாராவியில் வேலை. லீவு கிடைக்காமல் தாயாரை மட்டும் அனுப்பியிருந்தார். "என் அம்மாவை உங்க கையில விடுறேன் அண்ணாச்சி" என்று சொல்லி ஏற்றிவிட்டார். பாட்டிக்கு மராட்டி தெரியாது, இந்தி தெரியாது, போன் கிடையாது. பக்கத்தில் ஆறு.

"திரும்பிப் போன அந்த முக்கால் மணி நேரம் இருக்கே..." என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி சற்று நேரம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். "மகனுக்குப் போன் பண்ணவா வேண்டாமான்னு கையில போனை வச்சுக்கிட்டே இருந்தேன். பண்ணலை. என்னன்னு சொல்றது?"

சித்தடேக் கோயில் ஒரு சிறு குன்றின் மேல் இருக்கிறது. வலம் வருவதானால் குன்றையே சுற்றி வர வேண்டும். கழுகுமலையைச் சுற்றிப் பழகிய பாட்டிக்கு, கோயிலுக்குள் மூன்று சுற்று போதும் என்று யார் சொல்வது? யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டார். சுற்றி வந்தபோது பஸ் இல்லை.

பஸ் திரும்பிப் போனபோது பாட்டி, பூக்கடை வாசலில் பலகையில் உட்கார்ந்து அருகம்புல்லைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார். பூக்காரப் பெண்மணிக்குத் தமிழ் தெரியாது. பாட்டி சொன்னதில் அவருக்குப் புரிந்தது 'தாராவி' என்ற ஒரே வார்த்தை. அது போதுமாக இருந்திருக்கிறது. வருகிற மும்பை வண்டிகளை நிறுத்தி விசாரிக்கத் தன் பையனை ரோட்டில் நிறுத்திவிட்டு, பாட்டிக்கு டீயும் வாழைப்பழமும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அண்ணாச்சி கொடுத்த பணத்தை வாங்க மறுத்துவிட்டார். பாட்டி அண்ணாச்சியைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாராம்: "எண்ணிப் பார்க்கலையா ராசா?"

"எண்ணித்தான் பார்த்தேன் ஆத்தா" என்று சொல்ல வாய் வரவில்லையாம். தாராவி வந்ததும் மகனிடம் அவரே நடந்ததைச் சொல்லிவிட்டார். மகன் ஒன்றும் பேசவில்லை. தாயாரை அழைத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த இரண்டு வருடம் அண்ணாச்சி பஸ் பிடிக்கவில்லை. 2019இல் மறுபடி தொடங்கியபோது முதல் முன்பணம் கட்டியது அந்த மகன்தான்.

அது முதல் தலை எண்ணுவது இல்லை, பெயர்தான். டிரைவர், கிளீனர் மூவரும் பெயர் கூப்பிடும்போது பஸ்ஸுக்கு வெளியே நிற்க வேண்டும். தனியாக வரும் முதியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி உண்டு; ஜோடியை விட்டு நகரக் கூடாது. எல்லோர் கழுத்திலும் ஓர் அட்டை. அதில் ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் மராட்டியிலும் பெயர், பஸ் நம்பர், இரண்டு போன் நம்பர், "இவருக்கு மராட்டி தெரியாது, தயவுசெய்து இந்த எண்ணுக்குப் பேசவும்" என்ற வாசகம். படித்த பிள்ளைகள் சிலர் அட்டையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டார்கள். அண்ணாச்சி வெளியே எடுத்துவிட்டார். அவர் கழுத்திலும் ஒன்று தொங்கியது.

அருகம்புல் மாலை எல்லாம் அந்தப் பூக்கடையில்தான் வாங்கினோம். 43 பேரும்.

கணக்கு

இரண்டாம் நாள் ராஞ்சன்காவ், ஓஜர் முடித்து லேண்யாத்ரி வந்தபோது மதியம் மூன்று. இங்கே பிள்ளையார் பௌத்தக் குகைகளுக்கு நடுவில், ஏழாம் குகையில் இருக்கிறார். ஏறத்தாழ முந்நூறு படி. குரங்குகள் வேறு. தொல்பொருள் துறை நுழைவுச் சீட்டு உண்டு. முழங்கால் வலிக்காரர்கள் கீழேயே உட்கார்ந்து கும்பிடட்டும், துணைக்கு ஒருவர் இருப்பார் என்று முன்பே தீர்மானம், டோலியும் கிடைக்கிறது. ஆனால் கீழே உட்கார வைத்த ஆறு பேரில் நாலு பேர், "இம்புட்டுத் தூரம் வந்துட்டு" என்று ஏறிவிட்டார்கள். இறங்கிவர ஐந்தரை ஆயிற்று. கால அட்டவணையில் ஒன்றேகால் மணி நேரம் அங்கேயே போயிற்று. இருட்டில் மால்ஷேஜ் காட் இறங்கினோம். பிள்ளைகள் பார்க்க ஆசைப்பட்ட பள்ளத்தாக்கு கண்ணில் படவில்லை.

தாராவி வந்தபோது மணி பதினொன்று அடிக்க ஐந்து நிமிஷம். எல்லோருக்கும் தூக்கம். ஆனாலும் யாரும் நகரவில்லை. பஸ்ஸின் உள்விளக்கைப் போடச் சொல்லி, அண்ணாச்சி நோட்டைப் பிரித்தார்.

43 பேர் கட்டியது 75,250. பஸ் ஓட்டம், ஷெட் போய்ச் சேரும் தூரமும் சேர்த்து, 690 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 55 வீதம் 37,950. டோல், பார்க்கிங் 3,900. பேட்டா 2,400. தங்கும் இடம் 6,500. சாப்பாடு, டீ 17,200. லேண்யாத்ரிச் சீட்டும் சில்லறையும் 1,800. ஆகமொத்தம் 69,750. மிச்சம் 5,500.

"அதைப் பிள்ளையார் உண்டியல்ல போட்டிருக்கலாமே அண்ணாச்சி" என்றார் பாண்டுப் குமாஸ்தா. இன்னொருவர், "நீங்களே வச்சுக்கிடுங்க, எவ்வளவு அலைச்சல்" என்றார். இரண்டு பேர் அதை ஆமோதித்தார்கள்.

"உண்டியல்ல போடணும்னா அவங்கவங்க கையால போடுங்க. என் நோட்டுல அது செலவா வராது" என்றார் அண்ணாச்சி. தலைக்கு 125 ரூபாய் வீதம் 43 பேருக்கும் எண்ணிக் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். போக மிஞ்சிய 125 ரூபாயை முதலுதவிப் பெட்டிக்கு என்று எழுதி, கீழே அந்தக் குமாஸ்தாவிடமும் என்னிடமும் கையெழுத்து வாங்கினார்.

பிறகு மூட்டை முடிச்சுகள் இறங்கின. கடைசியாகப் பஸ்ஸுக்குள் டார்ச் அடித்து ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் பார்த்துவிட்டு வந்தார். ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு கிடைத்தது. அதை நோட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, டிரைவரிடம் மீட்டரைப் பார்த்து எண் குறிக்கப் போனார்.